ஐயெல்ட்ஸ் ரீடிங், லிஸனிங்: என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் ஒரு மாடி அறையில், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸுக்குப் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்சுகள். மீதி, எம்எஸ் படிக்க வெளிநாடு கிளம்பும் இன்ஜினியரிங் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் நிறைய. எல்லோருக்கும் பயம் ஸ்பீக்கிங்கைப் பற்றித்தான். ரீடிங்கும் லிஸனிங்கும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். வருவதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

இந்த ரெண்டு பேப்பரும் எப்படி இருக்கும்?

லிஸனிங்கில் 40 கேள்வி, சுமார் 30 நிமிடம், நான்கு பகுதி. முதல் பகுதி இரண்டு பேரின் அன்றாடப் பேச்சு: வீடு வாடகைக்கு விசாரிப்பது, ஒரு வகுப்பில் சேரப் பேர் கொடுப்பது போல. இரண்டாவதில் ஒருவரே பேசுவார், பூங்காவையோ நூலகத்தையோ சுற்றிக் காட்டுகிற மாதிரி. மூன்றாவதில் மாணவர்கள், சில நேரம் ஆசிரியரும் சேர்ந்து, படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். நான்காவது ஒரு லெக்சர். ஆடியோ ஒரே ஒரு முறைதான் ஓடும்.

ரீடிங்கிலும் 40 கேள்விதான், நேரம் 60 நிமிடம். தேர்வில் இரண்டு வகை. அகடமிக் (உயர்படிப்புக்கும் நர்ஸ் போன்ற தொழிலுக்கும்) என்றால் மூன்று நீளமான கட்டுரைகள், மொத்தம் 2,150 முதல் 2,750 வார்த்தை வரை. ஜெனரல் ட்ரெய்னிங் (பொதுவாக வேலை, குடியேற்றத்துக்கு) என்றால் முதல் இரண்டு பிரிவில் விளம்பரம், அறிவிப்பு, வேலையிடத்து விதிமுறை என்று சின்னச் சின்னதாக வரும், கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை. இரண்டிலும் மைனஸ் மார்க் கிடையாது. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.

ஏழு வாங்க எத்தனை சரியா போடணும்?

ஐயெல்ட்ஸ் மதிப்பெண்ணைப் பேண்ட் என்பார்கள், உச்சம் 9. லிஸனிங்கில் 40க்கு 16 சரியென்றால் பேண்ட் 5, 23 என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. அகடமிக் ரீடிங்கும் கிட்டத்தட்ட இதேதான், 5க்கு மட்டும் 15 போதும். ஜெனரல் ட்ரெய்னிங் ரீடிங் கொஞ்சம் எளிது என்பதால் மார்க் இறுக்கம்: 23க்கு 5, 30க்கு 6, 34க்கு 7. இவை சராசரிக் கணக்கு, தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறும்.

பிரிட்டன் போகிற நர்சுகளுக்கு, அங்கே நர்சுகளைப் பதிவு செய்யும் கவுன்சிலான என்எம்சி கேட்பது ரீடிங், லிஸனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. 30 போட்டால் 7 என்றால், பத்துக் கேள்வி தப்பலாம் என்று அர்த்தம். இதைச் சொன்னதும் வகுப்பில் சில முகங்கள் தெளியும். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தப் பத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வார்த்தை எல்லாம் தெரியுது மேடம், ஆனா பதில் தப்பாகுது. ஏன்?

கேள்வியில் இருக்கும் வார்த்தை கட்டுரையில் அப்படியே இருக்காது. தேர்வின் சூட்சுமமே அதுதான். தமிழிலேயே பார்ப்போம். கேள்வி, "அவர் எப்படிப்பட்டவர்?" விடைகளில் ஒன்று, "சிக்கனமானவர்." கட்டுரையில் சிக்கனம் என்ற சொல்லே இருக்காது. "பஸ்ஸுக்குக் கொடுக்கும் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க இரண்டு கிலோமீட்டர் நடப்பார்" என்று இருக்கும். தமிழில் இதைப் படித்ததும் புரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் நாம் சிக்கனம் என்ற சொல்லைத் தேடிக்கொண்டே நிற்கிறோம்.

இதற்கு நான் சொல்லும் வைத்தியம் ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒவ்வொரு பயிற்சித் தாளையும் திருத்திய பிறகு, கேள்வியில் இருந்த சொல்லை இடப்பக்கமும், கட்டுரையிலோ ஆடியோவிலோ அதற்குப் பதிலாக வந்த சொல்லை வலப்பக்கமும் எழுதுங்கள். சரியாகப் போட்ட கேள்விகளுக்கும்தான். பத்து முழுத்தாள் செய்தால் சில நூறு ஜோடி சேரும். கடையில் விற்கும் வார்த்தைப் புத்தகத்தைவிட இந்த நோட்டு மதிப்பானது, ஏனென்றால் தேர்வு வைக்கிறவர் எப்படிச் சொல்லை மாற்றுகிறார் என்பது இதில் தெரிகிறது. கேள்வியில் உள்ள அதே வார்த்தை கட்டுரையிலும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே சந்தேகப்படுங்கள். பல நேரம் அது தூண்டில்.

ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் குழப்பமா இருக்கே?

ஒரு கூற்று கட்டுரைப்படி சரியா, தப்பா, கட்டுரையில் சொல்லவே இல்லையா என்று கேட்கும் கேள்வி இது. எல்லோரும் குழம்புகிற இடம். ஒரு குட்டிக் கட்டுரை தருகிறேன்.

"எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் இரவு 9.40க்கு. 2015 வரை பத்தரை மணிக்கும் ஒன்று ஓடியது. சினிமாக் கொட்டகை மூடிய பிறகு அதில் ஏறுகிற ஆட்கள் குறைந்துபோனார்கள்."

இப்போது நான்கு கூற்றுகள். முதலாவது, "இன்று இரவு பத்து மணிக்கு மேல் அந்த ஊருக்கு பஸ் கிடைக்காது." ட்ரூ. இப்படி ஒரு வரி கட்டுரையில் இல்லை, ஆனால் கடைசி பஸ் 9.40 என்றால் வேறு அர்த்தமே இல்லை. இரண்டாவது, "பத்தரை மணி பஸ் 2015க்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டது." ஃபால்ஸ். 2015 வரை ஓடியது என்ற வரியில் விரல் வைத்துக் காட்டலாம். மூன்றாவது, "பஸ்ஸை நிறுத்தியதை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள்." நாட் கிவன். எதிர்த்தார்களா, எதிர்க்கவில்லையா, கட்டுரை வாயே திறக்கவில்லை.

நான்காவதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும்: "சினிமாக் கொட்டகை 2015ல் மூடப்பட்டது." பாதிப் பேர் ட்ரூ என்பார்கள். கொட்டகை 2011ல் மூடியிருக்கலாம், நாலு வருடம் பஸ் காலியாக ஓடியிருக்கலாம். எந்த வருடம் என்று சொல்லவில்லை. நாட் கிவன்தான்.

நான் வைத்திருக்கும் சோதனை இது. ஃபால்ஸ் என்று எழுதினால், அதற்கு எதிரான வரியைத் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். "அப்படின்னா பொதுவா..." என்று உங்கள் விளக்கம் ஆரம்பித்தால் அது நாட் கிவன். நர்சுகளுக்கு இதில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. தூக்கம், கிருமி, மருந்து பற்றிய கட்டுரை வந்தால் கட்டுரையாளரைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். தெரிந்ததை வைத்து டிக் அடித்துவிடுவார்கள். வார்டில் கற்றதை அந்த ஒரு மணி நேரத்துக்கு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

எஸ், நோ, நாட் கிவன் என்று வந்தாலும் முறை இதேதான். அங்கே தகவலுக்குப் பதில் எழுதியவரின் கருத்தைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

60 நிமிஷம் பத்தல. கட்டுரையை முழுசா படிக்கணுமா?

முதலிலேயே வரிக்கு வரி படிக்க வேண்டாம். தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, அவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் மேலோட்டமாகப் பாருங்கள். எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரைபடம் மனதில் விழுந்தால் போதும். பிறகு கேள்விக்குப் போங்கள். ட்ரூ-ஃபால்ஸ், வாக்கியத்தை நிரப்புவது போன்றவற்றின் விடைகள் கட்டுரையில் கேள்வி வரிசையிலேயே வரும். எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்று பொருத்தும் கேள்விகளில் அந்த வரிசை இருக்காது, அதனால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மற்ற கேள்விகளை முடிப்பதற்குள் பாதி விடை கண்ணில் பட்டிருக்கும். கடைசிக் கட்டுரை கடினமாக இருப்பதுதான் வழக்கம், அதற்கு ஓரிரு நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். காகிதத்தில் எழுதுகிறவர்கள் கவனிக்க: ரீடிங்கில் விடைகளை விடைத்தாளில் பெயர்த்து எழுதத் தனி நேரம் தர மாட்டார்கள்.

வேகம் குறைவதற்கு நம் மொழி சார்ந்த ஒரு காரணமும் உண்டு. தமிழில் பயனிலை கடைசியில் வரும். வாக்கியம் முடியும் வரை காத்திருந்து மொத்தமாகப் பொருள் கொள்வது நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்ததே வினை, விவரமெல்லாம் பின்னால் வால் போல நீளும். நாம் அதை மனதுக்குள் தமிழாக்க, கடைசியிலிருந்து திரும்பிப் பின்னோக்கி வருகிறோம். ஒரே வரியை இரண்டு தடவை படிப்பது அதனால்தான். வரியை மூன்று நான்கு சொல் கொண்ட துண்டுகளாகப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்து, துண்டுக்குத் துண்டு முன்னோக்கி மட்டும் போங்கள். இரண்டு வாரம் தினமும் ஒரு பக்கம் செய்தால் பென்சில் தேவைப்படாது.

தினமும் இந்து பேப்பர் படிச்சா போதுமா?

இந்த அறிவுரை தாத்தா காலத்துச் சொத்து. தப்பில்லை, ஆனால் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் படியுங்கள். தலையங்கத்தை விட்டுவிடுங்கள் என்பேன். அதில் முக்கால்வாசி, நடப்பு அரசியல் தெரிந்தால்தான் புரியும். ஐயெல்ட்ஸ் அகடமிக் கட்டுரைகள் பத்திரிகை, புத்தகம், ஆய்விதழ்களிலிருந்து எடுத்து, அந்தத் துறை தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி இருப்பவை. தேனீ, பழைய கட்டடம், குழந்தைகளின் நினைவாற்றல், இப்படி. அதற்கு அறிவியல் பக்கமும் ஞாயிறு இணைப்பும்தான் நெருக்கம். ஒரு கட்டுரை படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தலைப்பு தமிழிலேயே எழுதிப் பாருங்கள். தலைப்புப் பொருத்தும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் மூவாயிரம் வார்த்தை பிடிஎஃப்பை அழித்துவிடுங்கள். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள்தான். பல்கலைக்கழகப் பாட நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலில் அடங்கிவிடும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளைக்குப் பத்து என்றால் இரண்டு மாதம்.

சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், அதன் கூட்டாளியோடு படியுங்கள். தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். வெயில் பெய்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். பலத்த மழையை அப்படியே பெயர்த்து "ஸ்ட்ராங் ரெயின்" என்று எழுதுகிறார்கள். அங்கே மழை "ஹெவி"தான், ஸ்ட்ராங் என்பது டீக்கும் காற்றுக்கும்.

மறக்காமல் இருக்க அட்டைப் பெட்டி முறை போதும். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தைச் சீட்டளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். மூன்று டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. தெரிந்தால் அட்டை அடுத்த டப்பாவுக்கு, மறந்தால் மறுபடி முதல் டப்பாவுக்கு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறையின் சுருக்க வடிவம் இது. இதற்கு ஆப் இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் ஆப்பைத் திறக்கும் கை ரீல்ஸையும் திறந்துவிடுகிறது.

நமக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தையே ஏமாத்துமா?

நன்றாக ஏமாற்றும். நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி. அவர்களுக்கு அது தங்குமிடம் மட்டும்தான். லிஸனிங் முதல் பகுதியில் "ஹோட்டலா, ரெஸ்டாரண்டா" என்று விடைகள் இருந்தால் நம் பிள்ளைகள் கை தடுமாறும். கரண்ட் என்றால் நமக்கு மின்சாரம், கட்டுரையில் அது பெரும்பாலும் "இப்போதைய" என்ற பொருளில் வரும். டியூஷன் என்பது மாலை வகுப்பு மட்டும் இல்லை, கல்லூரியின் கற்பித்தலும் டியூஷன்தான். பேப்பர் என்றால் ஆய்வுக் கட்டுரையாக இருக்கலாம். நோட்டில் இதற்கென்று கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வையுங்கள்.

ஸ்பெல்லிங் தப்பா இருந்தா மார்க் போகுமா?

போகும், முழுதாகப் போகும். பிரிட்டிஷ் எழுத்தோ அமெரிக்க எழுத்தோ எதுவானாலும் ஏற்பார்கள். முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினாலும் பிரச்சினை இல்லை. அக்காமடேஷனுக்கு இரண்டு சி, இரண்டு எம். கவர்ன்மெண்ட்டிலும் என்விரான்மெண்ட்டிலும் எம்முக்கு முன்னால் ஒரு என் ஒளிந்திருக்கிறது. வெனஸ்டேயில் காதில் விழாத ஒரு டி. ஃபிப்ரவரியில் முதல் ஆரைப் பலர் உச்சரிப்பதில்லை. கூடவே, "இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் மூன்றாவது வார்த்தை விடையையே கொன்றுவிடும். பன்மைக்கு வரும் எஸ்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

லிஸனிங்ல அவங்க வார்த்தையை முழுங்கறாங்க. எப்படிப் பிடிக்கிறது?

போன வருடம் ஒரு நர்ஸ், நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வருகிறவர், ஒரு ஆடியோவைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "டிம்னு ஒருத்தர் வர்றாரே மேடம், அவர் யாரு?" அந்த உரையாடலில் டிம் என்று யாரும் இல்லை. நான் மறுபடி ஓடவிட்டேன். "ஆஸ்க்ட் ஹிம்", அவனைக் கேட்டேன் என்பதை அந்த ஆள் சாதாரண வேகத்தில் சொன்னதில் ஹிம்மின் ஹ காணாமல் போய், முன்னால் இருந்த ட் வந்து ஒட்டிக்கொண்டு "ஆஸ்க்டிம்" ஆகிவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் டிம் ஒரு நிரந்தர மாணவர்.

இதை விழுங்குவது என்று நினைத்தால் கோபம்தான் வரும். புணர்ச்சி என்று நினையுங்கள். நாம் பள்ளியில் படித்த அதே புணர்ச்சி. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்கிறது நன்னூல். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் இரண்டும் ஒட்டும். "பிக் இட் அப்" மூன்று சொல் இல்லை, காதுக்கு அது "பிக்கிடப்" என்ற ஒரே சொல். உயிருக்குப் பின் உயிர் வந்தால் நமக்கு உடம்படுமெய் வரும்: மணி என்பதோடு ஓசை சேர்ந்தால் மணியோசை, பூவோடு அரும்பு சேர்ந்தால் பூவரும்பு. ஆங்கிலேயனும் அதையே செய்கிறான். "சீ இட்" சொல்லும்போது "சீயிட்", "டூ இட்" சொல்லும்போது "டூவிட்". இ, ஈ, ஐக்குப் பின் ய், ஊ, ஓ போன்றவற்றுக்குப் பின் வ். விதி எழுதியது பவணந்தி, கடைப்பிடிப்பது லண்டன். பிரிட்டிஷ்காரர்கள் பலர் "லா அண்ட் ஆர்டர்" என்பதை "லாரண்டார்டர்" என்று, இல்லாத ஒரு ர் சேர்த்துச் சொல்வதற்கு மட்டும் நன்னூலில் இடமில்லை.

அழுத்தம் இன்னொரு சங்கதி. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைக்குத்தான் மரியாதை, மற்றவை தேய்ந்துவிடும். வெஜிடபிள் "வெஜ்டபிள்" ஆவதும் கம்ஃபர்டபிள் "கம்ஃப்டபிள்" ஆவதும் அதனால்தான். முடியும் என்ற "கேன்" வாக்கியத்தின் நடுவில் "கன்" என்று சுருங்கிவிடும். பிரிட்டிஷ் பேச்சில் முடியாது என்பது "கான்ட்" என்று நீளும். கடைசி ட் காதில் விழுகிறதா என்று காத்திருக்காதீர்கள், சுருங்கினால் முடியும், நீண்டு அழுந்தினால் முடியாது.

பதிமூணா முப்பதா, பேகா பேக்கா தெரியலையே?

தர்ட்டீன் என்றால் பின்பாதி அழுந்தி நீளும், தர்ட்டி என்றால் முன்பாதியில் அழுத்தம் விழுந்து வால் குட்டையாக முடியும். எண்ணை எழுதும் முன் கூட வரும் சொல்லையும் பாருங்கள், ஒரு கப் காபிக்கு முப்பது பவுண்டு யாரும் கேட்க மாட்டார்கள். போன் நம்பரில் பூஜ்யத்தை "ஓ" என்பார்கள். இரண்டு ஐந்து அடுத்தடுத்து வந்தால் "டபுள் ஃபைவ்".

மற்றது நம் எழுத்து செய்யும் வேலை. முதுகுக்கான ஆங்கிலச் சொல்லையும் பைக்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் "பேக்"தான். கோட்டு, ஆடு, ரகசியக் குறியீடு மூன்றும் "கோட்". ஒரே க பல ஒலிக்கு வேலை பார்ப்பதால் காதும் அவற்றை ஒன்றாகவே பதிந்து வைத்திருக்கிறது. கடைசி மெய்யை உற்றுக் கேட்பதில் பயனில்லை, அதற்கு முந்திய உயிரைக் கேளுங்கள். பைக்கான சொல்லில் அந்த ஏ நீளும், முதுகில் சட்டென்று வெட்டி நிற்கும். இதனால்தான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்காதே என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க நானே அதைத்தான் செய்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஆடியோல பதிலை மாத்தி மாத்தி சொல்றாங்களே?

வேண்டுமென்றேதான். ஃபோனில் ஒரு பெண் மண்டபம் பதிவு செய்கிறார் என்று வையுங்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிடைக்குமா?" "செவ்வாய்... இருங்க பார்க்கிறேன். அன்னைக்கு டான்ஸ் கிளாஸ் இருக்கு. புதன் காலியா இருக்கு." "புதன் எனக்கு டூட்டி. வியாழன்?" "ஆறு மணிக்கு மேலன்னா தர்றேன்." "சரி, அப்படியே போட்டுக்கங்க." விடை வியாழன். செவ்வாய் என்று கேட்டதுமே எழுதிவிட்டுப் பேனாவை மூடியவருக்கு அடுத்த கேள்வியும் சேர்ந்து போச்சு. முதலில் விழும் விடையை மனதிலோ ஓரத்திலோ குறித்துக்கொண்டு, பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவும் வரை காத்திருங்கள். ஆங்கிலத்தில் "பட்", "ஆக்சுவலி", "ஐ மீன்" வந்தால் ஏதோ மாறப் போகிறது.

ஒரு கேள்வியை விட்டுட்டா என்ன பண்றது?

விட்டுவிடுங்கள். அடுத்த கேள்விக்குக் கண்ணை நகர்த்துங்கள். ஒன்றைத் தேடி மூன்றை இழப்பதுதான் வழக்கமான கதை. கடைசியில் ஒரு ஊகம் எழுதிக்கொள்ளலாம். காகிதத்தில் எழுதினால் விடைகளை விடைத்தாளில் பெயர்த்து எழுத 10 நிமிடம் தருவார்கள், கம்ப்யூட்டரில் சரிபார்க்க 2 நிமிடம்தான்.

வீட்ல லிஸனிங் எப்படிப் பயிற்சி பண்ணலாம்?

பின்னணியில் பாட்டுப் போல ஓடவிட்டுச் சமைப்பது பயிற்சி ஆகாது. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் எழுத்து வடிவத்தோடு இலவசமாக இருக்கின்றன. ஒன்றை எடுங்கள். முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் முழுதாகக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு நிமிடப் பகுதியை மட்டும் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு நான்கைந்து முறை ஓட்டலாம். அதன்பின் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தப்பிய இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்தச் சிவப்பு வட்டங்கள்தான் உங்கள் டிம்கள். ஒரு நிமிடத்துக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அலுப்பான வேலை. ஆனால் மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிவது இதில்தான்.

படம் பார்ப்பதாக இருந்தால் தமிழ் சப்டைட்டில் வேண்டாம். ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு காட்சி, அதே காட்சி மறுபடி சப்டைட்டில் இல்லாமல். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உச்சரிப்புக்குப் பையன்களுக்கு நான் சொல்வது கிரிக்கெட் வர்ணனை. இயன் சாப்பல் (பழைய பதிவுகளில்), இயன் ஸ்மித், நாசர் உசேன் மூவரும் மூன்று நாட்டுக் காதுப் பயிற்சி. நாசர் பிறந்தது நம் மெட்ராஸில்தான், பேச்சு மட்டும் முழு இங்கிலாந்து.

எத்தனை மாக் டெஸ்ட் எழுதணும்?

நாற்பது தாள் எழுதியும் 6லேயே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டுத் தாளில் 7 தொட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினர் மார்க்கை எண்ணிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். ஒரு மணி நேரம் எழுதினால் இரண்டு மணி நேரம் திருத்துங்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் ஒரு சொல்லில்: வார்த்தை தெரியவில்லை, சொல் மாறியதைப் பிடிக்கவில்லை, அவசரம், ஸ்பெல்லிங், ஒலி. மூன்றாவது தாளிலேயே ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். அந்த வாரம் அதை மட்டும் கவனியுங்கள்.

நர்சுகள் ஐயெல்ட்ஸ் எழுதணுமா, ஓஇடி எழுதணுமா?

போகிற நாடு இரண்டையும் ஏற்றால், படித்துப் பழகிய மொழி எது என்று பாருங்கள். ஓஇடி பன்னிரண்டு மருத்துவத் தொழில்களுக்கான தேர்வு. லிஸனிங்கில் 42 கேள்வி, அதில் 24 நோயாளியிடம் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது. கேஸ் ஷீட் எழுதிய கைக்கு அது பழகிய வேலை. ரீடிங்கின் முதல் பகுதி மட்டும் கொடுமை: நான்கு சிறு ஆவணங்கள், 20 கேள்வி, 15 நிமிடம், நேரம் முடிந்ததும் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. பத்து வருட அனுபவமுள்ளவர்களை ஓஇடி பக்கம் அனுப்புகிறேன். படிப்பு முடித்த கையோடு வருகிறவர்களுக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

கொஸ்டின் பேப்பர் முன்னாடியே கிடைக்கும்னு ஒருத்தர் பணம் கேக்கறார்...

கொடுக்காதீர்கள். இந்தியாவில் 2021 முதல் ஐயெல்ட்ஸை நடத்துவது ஐடிபி என்ற நிறுவனம். பதிவை அவர்கள் தளத்திலேயே நீங்களே செய்துகொள்ளலாம், இடையில் ஆள் தேவையில்லை. என் மாணவி ஒருவர் அப்படி வாங்கிய "ஒரிஜினல்" தாளைக் கொண்டுவந்து காட்டினார். கடையில் விற்கும் பழைய பயிற்சிப் புத்தகத்தின் ஜெராக்ஸ். என் அலமாரியில் அதே புத்தகம் இருந்தது.

லிஸனிங்ல மட்டும் அரை பேண்ட் குறைஞ்சா, முழுத் தேர்வையும் திரும்ப எழுதணுமா?

கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால், 60 நாளுக்குள் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் எல்லா இடமும் அந்தச் சான்றிதழை ஏற்பதில்லை. சேரப் போகிற கல்லூரியையோ கவுன்சிலையோ கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மதிப்பெண் இரண்டு வருடத்துக்குச் செல்லும்.

தேர்வு அன்னைக்குக் காலைல என்ன படிக்கலாம்?

எதுவும் வேண்டாம். மையத்துக்குப் போகிற வழியில் இருபது நிமிடம் ஆங்கிலம் மட்டும் காதில் ஓடட்டும், புதிதாக எதுவுமில்லாமல், ஏற்கனவே கேட்டுப் பழகிய நிகழ்ச்சியாக. தமிழில் பேசிக்கொண்டே போய் உட்கார்ந்தால் முதல் பகுதியின் மூன்று கேள்வி காது திருப்பிக்கொள்வதற்குள் போய்விடும். கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள், உள்ளே விட மாட்டார்கள். ஆதார் செல்லாது. பதிவு செய்தபோது கொடுத்த அதே பாஸ்போர்ட், ஒரிஜினல்.